நான்காம் எண் குதிரை

பெட்டியில் ஆறு விளையாட்டுகள் இருந்தன என்று நினைக்கிறேன். ஏழு என்று காமாட்சி பிற்பாடு ஒருமுறை சொன்னாள். அதைத் தினமும் துடைத்தவள் அவள், ஆகவே அவள் சொல்வதே சரியாக இருக்கலாம். படையல் நடந்தது சனிக்கிழமையா வெள்ளிக்கிழமையா என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. யாரிடமும் சொல்லாமல் பல வருஷம் வைத்திருக்கும் ஒரு விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக நமக்கு வசதியான வடிவத்துக்கு வந்துவிடுகிறது. அந்த வசதியைக் கூடுமானவரை கழித்துவிட்டு எழுதுகிறேன். என் பங்கு மட்டும் எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. அதை மறக்கத்தான் அதிகம் முயன்றிருக்கிறேன்.

1957, ஜூலை மாதம். சுதந்திரத்துக்கு இன்னும் ஆறு வாரம். மலாக்கா முழுக்க வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். அரசாங்கக் கட்டடங்களில் தொடங்கிய சுண்ணாம்பு சாக்கடை விளிம்பு வரை வந்துவிட்டது. காஜா பெராங்கில் வளைவு கட்ட மூங்கில் வந்து இறங்கி, எந்தச் சங்கம் கட்டுவது என்று முடிவாகாமல் மழையில் கிடந்தது. நான் ஜாலான் பெண்டஹாராவில் ஒரு சிறிய அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகை, மருந்துக்கடை நோட்டீஸ், கோயில் அறிக்கை. அந்த வாரங்களில் எங்களிடம் வந்த எல்லாத் தாளிலும் சுதந்திரம் இருந்தது. சுதந்திரச் சலுகை விலையில் வேட்டி. சுதந்திரப் பல்பொடி. ஒற்றெழுத்தைச் சரிபார்த்துக் கொடுத்தேன். வேறு கருத்துச் சொல்ல எனக்குச் சம்பளம் இல்லை.

நான் குடியிருந்தது காஜா பெராங்கில், தெய்வானையம்மாள் வீட்டுப் பக்கவாட்டு அறையில். அவர்கள் மலாக்கா செட்டிகள். பெயர் தமிழ், கோயில் தமிழ், பேச்சு மட்டும் அவர்களுடைய தனி மலாய். தெய்வானையம்மாளுக்குத் தமிழில் தெரிந்த சொற்களைப் பத்து விரலுக்குள் எண்ணிவிடலாம், அவற்றில் பாதி சாமி பெயர். அந்த வீட்டார் பேசியதை நான் தமிழில் எழுதுகிறேன், அவ்வளவுதான்.

வீட்டில் அந்த அம்மாள், மகள் காமாட்சி, மருமகன் தனபாலன். தனபாலன் செட்டி அல்ல, தோட்டத்தில் பிறந்த தமிழன். கடலோரத்தில் இருந்த கேளிக்கைப் பூங்காவில் காசு போட்டு ஆடும் மெஷின்களைப் பழுது பார்ப்பவன். ஊரில் எல்லோருக்கும் அது வெறும் பார்க்கு. சுதந்திரக் கொண்டாட்டத்துக்குள் புது மெஷின்கள் வரப்போகின்றன என்று பழையவற்றைப் பிரித்துப் போட்டார்கள். தனபாலனையும் ஜூலையோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள். அவன் பிரித்த இரும்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தான்.

இரண்டு மாதம் அதோடு மல்லாடி ஒரு பெட்டி செய்தான். பழைய துணி அலமாரி ஒன்றைப் படுக்கப் போட்டது போல, இடுப்பு உயரம். முன்னால் கண்ணாடி. பக்கத்தில் ஒரு கைப்பிடி. அதைத் திருப்பினால் உள்ளே தட்டு சுழன்று, பார்க்கில் இருந்த விளையாட்டுகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடிக்குப் பின்னால் வந்து நிற்கும். எஃகுக் குண்டு உருட்டுவது, வாத்து சுடுவது, கால்பந்துப் பொம்மைகள், இடுக்கி விட்டு மிட்டாய் எடுப்பது, கைரேகை சொல்லும் மெழுகுப் பெண், ஐந்து தகரக் குதிரைகளின் பந்தயம். எல்லாவற்றையும் ஓட்ட ஒரே ஒரு கிராமபோன் சுருள்வில்.

“பாரு லா மாணிக்கம்,” என்றான் முதல்நாள். “பார்க்கையே வீட்டுக்குள்ள கொண்டாந்துட்டேன்.”

“காசு எங்கே போடுறது?”

“காசே வேணாம். அதான் விசேஷம். வீட்டுச் சாமான் இது. ஒரு தடவை வாங்கிட்டா ஆயுசுக்கும் ஆடலாம்.”

முதல் வாரம் தெருவே வந்து ஆடியது. தெய்வானையம்மாளின் தம்பி பொன்னையா தினமும் வந்தார். அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. போன வருஷம் வரை வெள்ளைக்காரத் துரையின் பிறந்தநாளுக்குத் தவறாமல் டை கட்டியவர், இந்த வருஷம் அதே கழுத்தோடு விடுதலையைப் பற்றி மூச்சுவிடாமல் பேசினார். குண்டு குழியில் விழாவிட்டால் கண்ணாடியைத் தட்டுவார். விழும்வரை மறுபடி, மறுபடி. விழுந்ததும், “இனிமே நமக்கு வேண்டிய பெட்டியை நாமே செய்துக்கணும்,” என்று எங்களைப் பார்த்துச் சொல்வார், ஏதோ அவர் செய்தது போல. இரண்டாவது வாரம் யாரும் வரவில்லை. தோற்றால் ஒன்றும் போகாத விளையாட்டை எத்தனை நாள் ஆடுவது? நான் இதைத் தனபாலனிடம் சொல்லவில்லை. நான் எதையும் சொல்கிறவன் இல்லை. எதையாவது படித்துக்கொண்டு சும்மா இருப்பேன், அதை ஊர் அறிவு என்று எடுத்துக்கொண்டது.

ஆனால் தனபாலனுக்கு அந்தப் பெட்டி விளையாட்டு அல்ல. சிங்கப்பூரில் தேவதாஸ் என்று ஒரு வியாபாரி, விளையாட்டுச் சாமான் இறக்குமதி செய்பவர், கடிதம் போட்டிருந்தார். திங்கட்கிழமை மலாக்கா வருகிறேன், பெட்டி பிடித்திருந்தால் பெட்டியையும் உன்னையும் ஒன்றாகக் கூட்டிப் போகிறேன், பட்டறை வைத்துத் தருகிறேன், ஐம்பது செய். பிடிக்காவிட்டால் தனபாலனுக்கு இருந்த ஒரே வழி புக்கிட் ரம்பாய் பக்கம் ஒரு ரப்பர் புகைக்கூடம். அதுவும் பொன்னையாவின் சிபாரிசில். அந்த மனிதர் வாங்கிக்கொடுத்த வேலையில் அவர் பார்வையில் சாகும்வரை ரப்பர் தாள் தொங்கவிடுவதைவிட, கடலில் குதிக்கலாம் என்று தனபாலன் என்னிடம் இரண்டு முறை சொன்னான்.

பெட்டி செய்துகொண்டிருந்தபோது ஒரு மத்தியானம் குதிரைப் பந்தயத்தின் சக்கரங்களைத் துணியில் வரிசையாக வைத்திருந்தான். ஐந்து பல்சக்கரம். நான்காவதில் நாலைந்து பற்கள் மொட்டையாக இருந்தன.

“இது ஏன் இப்படித் தேஞ்சு கிடக்கு?”

“தேயலை. நான் அரம் போட்டது.” எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான். “ஜப்பான்காரன் போன மறுவருஷம். சிவப்புக் குதிரைன்னா எல்லாரும் அதையேதான் கட்டுறாங்க, அது வந்தா ஒவ்வொருத்தனுக்கும் சிகரெட் டின்னு குடுத்துக் கட்டுப்படியாகலை. மேனேஜர் சொன்னாரு, ராவிடுன்னு. ராவிட்டேன். அதுக்கப்புறம் நாலாம் நம்பர் ஒருநாளும் வந்ததில்லை.”

நான் அவனைப் பார்த்தேன். நாங்கள் இருவரும் ஒரே ஆளைத்தான் நினைத்தோம். அவனுடைய மாமனார் சேதுபதி. ஒன்றரை வருஷம் முன்பு இறந்துபோனார். பத்து வருஷம், சனிக்கிழமை தவறாமல், மகளைக் கூட்டிக்கொண்டு பார்க்குக்குப் போய் நான்காம் எண் சிவப்புக் குதிரையில் பத்துக் காசு கட்டியவர். ஒருமுறைகூட வேறு குதிரையைத் தொடவில்லை. ‘ஒருநாள் வரும்’ என்பார். வராதபோது மெஷின் பக்கத்தில் நின்ற இளைஞன் அவருக்கு ஆறுதலாக இரண்டு வார்த்தை சொல்வான். நல்ல பையன் என்று வீட்டுக்குக் கூட்டி வந்தார். பெண்ணைக் கொடுத்தார்.

“அவருக்குத் தெரியுமா?”

“பைத்தியமா உனக்கு?”

“இப்பவாவது வேற சக்கரம் போட்டுடேன்.”

தனபாலன் உண்மையாகவே அதிர்ச்சியடைந்தான். “அது எப்படி? அசல் அசலா இருக்கணும் மச்சான். பார்க்குல எப்படி ஓடிச்சோ அப்படியே ஓடணும். அதுக்குத்தானே காசு குடுப்பான்.”

பிடுங்குவதற்குக் காசே இல்லாத பெட்டியில் ஏமாற்றை மட்டும் பத்திரமாகக் குடியேற்றினான். அவன் கெட்டவன் அல்ல. நல்ல வேலைக்காரன். இரண்டும் ஒரே ஆளுக்குள் எப்படி இருக்கின்றன என்று யோசித்துக்கொண்டே நான் என் அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை பழக்காலத்துப் பார்ச்சு. செட்டிகள் இறந்தவர்களுக்கு வைக்கும் படையல். வருஷத்துக்கு இருமுறை, பொங்கலுக்கு முன்னும் டுரியான் விழும் காலத்திலும். செத்தவர்களுக்கு என்னென்ன பிடிக்குமோ அதையெல்லாம் வாழையிலையில் வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, சாம்பிராணி போட்டு, கும்பிட்டுவிட்டு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள். அந்த வீட்டில் கால் மணி நேரம் யாரும் பேசக் கூடாது. பிறகு கதவைத் தட்டி அனுமதி கேட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவார்கள். எனக்கு அந்தக் கால் மணி நேரம் பிடிக்கும். அந்தத் தெருவில் நான் மதித்த ஒரே பேச்சு அதுதான்.

கூடத்தில் சாமி மேடைக்கு எதிரே பெட்டி நின்றது. வேறு எங்கும் நுழையாத அளவு பெரிது. தெய்வானையம்மாள் கைப்பிடியைத் திருப்பி, குதிரைகள் கண்ணாடிக்கு வரும்படி வைத்தார். பிறகு சேதுபதிக்கான இலையைப் பெட்டியின் தலையிலேயே விரித்தார்.

“மாக், அங்க வேணாம்,” என்றான் தனபாலன். மாமியாரை மலாயில் அம்மா என்றுதான் கூப்பிடுவான். “மேல சூடு படக் கூடாது.”

“அவர் எங்க உட்காருவார்னு எனக்குத் தெரியும். நீ சும்மா இரு.”

இலையில் கோழிக்கறி, மாங்காய்ச் சம்பல், டுரியான் சுளை, ஒரு கறுப்பு பீர், ஒரு பெட்டி சிகரெட். இலையைச் சுற்றி மெழுகுவர்த்திகள், ஐந்தோ ஏழோ. தனபாலனின் முகத்தைப் பார்த்தேன். வில்லை நிறுத்தும் பிரேக்குக்குச் சரியான முளை அவனுக்கு இன்னும் கிடைத்திருக்கவில்லை. திங்கட்கிழமைக்குள் கடைந்து போட்டுவிடலாம் என்று தேன்மெழுகை உருட்டி அடைத்து வைத்திருந்தான். பார்க்கில் அவசரத்துக்கு அப்படித்தான் செய்வானாம். வில் முழுதாக முறுக்கியிருந்தது. அதைச் சொல்ல வாயைத் திறந்தான். பொன்னையா, “படையல் நேரத்துல மெஷின் பேச்சு வேண்டாம்,” என்றார். தனபாலன் வாயை மூடிக்கொண்டான்.

வெளியே வந்தோம். கதவு சாத்தப்பட்டது. முன் தாழ்வாரத்தில் உட்கார்ந்தோம். மத்தியான வெயில். யாருடைய வீட்டிலிருந்தோ கோழி ஒன்று தெருவைக் குறுக்கே கடந்துபோனது. பொன்னையா தொண்டையைச் செருமினார், தெய்வானையம்மாள் அவரை முறைத்தார்.

பிறகு உள்ளே வில் அவிழும் சத்தம். கிர்ரென்று தொடங்கி, தகரக் குளம்புகள் தடதடவென்று ஓடின. அது இருபது வினாடி ஓடும் ஆட்டம். அன்று ஒரு மணி நேரம் ஓடியது போல் இருந்தது. கடைசியில் மணி அடித்தது. ஒரே ஒரு முறை. ஜெயித்த குதிரைக்கு அடிக்கும் மணி.

காமாட்சி என் கண்ணெதிரே வெளிறினாள். பொன்னையா எழுந்து நின்று, எங்கே போவது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். தெய்வானையம்மாள் மட்டும் அசையவில்லை. கால் மணி நேரம் முடியும்வரை காத்திருந்தார். எழுந்து கதவை மூன்று முறை தட்டினார். திறந்தார். அவருக்குப் பின்னால் நான்.

நான்காம் எண் குதிரை கோட்டைத் தாண்டி நின்றது. ஜெயித்தால் எழும் அதன் சிவப்புக் கொடி பெட்டியின் தலையிலிருந்த பிளவு வழியாக மேலே எழுந்து, சேதுபதியின் இலைக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றது.

“மெனாங்,” என்றார் அந்த அம்மாள். ஜெயித்துவிட்டார். பிறகு சிரித்தார். அழுவார் என்று நினைத்தேன். வாயைக் கையால் மூடிக்கொண்டு, கல்யாணத்துக்கு நிற்கும் பெண் போல, தோள் குலுங்கச் சிரித்தார்.

நான் பார்த்தது இது. ஒரு மெழுகுவர்த்தி சாய்ந்திருந்தது. அதன் மெழுகு அந்தப் பிளவு வழியாக உள்ளே வடிந்து, வெள்ளைக் கோடாக நேரே நான்காம் சக்கரத்தின் மேல் இறங்கியிருந்தது. அரம் போட்ட பற்களின் பள்ளங்களை மெழுகு நிரப்பியிருந்தது. மேலே எரிந்த சூட்டில் பிரேக்கின் தேன்மெழுகு இளகி, முறுக்கிய வில் விடுபட்டது. மொட்டைச் சக்கரத்துக்குப் பிடி கிடைத்தது. அவ்வளவுதான். ஒரு அச்சுப்பிழையைக் கண்டுபிடிப்பது போல ஒரே பார்வையில் கண்டுபிடித்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. ஆடி அலுத்துப்போய் வராமல் இருந்தவர்களெல்லாம் வந்தார்கள். ஒருத்தி பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பொன்னையா வருகிறவர்களுக்கெல்லாம் நடந்ததை விவரித்தார், ஒவ்வொரு முறையும் அவர் கதவுக்கு இன்னும் கொஞ்சம் அருகில் இருந்தார். இரண்டு பேர் குலுக்குச் சீட்டுக்கு எண் கேட்டார்கள். நாலு என்று சொன்னார். இறந்தவர் கல்லறையிலிருந்து எழுந்து வந்தது சீட்டுக்கு எண் சொல்லத்தான் என்பதில் அங்கே யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

தெய்வானையம்மாள் மருமகனைக் கூப்பிட்டு ஒரே வாக்கியம் சொன்னார். “இந்தப் பெட்டி இந்த வீட்டை விட்டு வெளியே போகாது.”

“மாக், திங்கட்கிழமை சிங்கப்பூர்க்காரர் வர்றார்.”

“வரட்டும். காப்பி கொடு.”

அன்று ராத்திரி சாப்பிடும் முன்பு தனபாலன் பெட்டியைத் திறந்து சுத்தம் செய்தான். நான் தடுத்திருக்கலாம். அவன் கை அப்படிப்பட்டது. அழுக்கான சக்கரத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியாது. ஊசியால் ஒவ்வொரு பல்லிடுக்கிலும் இருந்த மெழுகைச் சுரண்டி எடுத்து, எண்ணெய் விட்டு, துணியால் துடைத்துவிட்டான். தன்னுடைய ஒரே சாட்சியைத் தானே துடைத்தான் என்பது அவனுக்கு மறுநாள்தான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரையும் கூடத்தில் நிற்கவைத்தான். மறுபடி தேன்மெழுகு அடைத்து, மேலே மெழுகுவர்த்தி வைத்துக் காட்டினான். “பாருங்க, சூட்டுல மெழுகு இளகுது. வில் தானா அவுந்துக்கும். அவர் வரலை மாக். மெழுகுதான்.”

கொஞ்ச நேரத்தில் வில் அவிழ்ந்தது. குதிரைகள் ஓடின. இரண்டாம் எண் ஜெயித்தது. நான்காம் எண் பாதி வழியில் தடுக்கித் தடுக்கி நின்றது.

“இன்னொரு தரம்,” என்றார் அந்த அம்மாள்.

ஐந்தாம் எண். பிறகு ஒன்று. மறுபடி இரண்டு. ஆறு முறை ஓட்டினான். ஆறு முறையும் சிவப்புக் குதிரை கடைசி. அவன் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

“பாத்தியா,” என்றார் தெய்வானையம்மாள், கோபமே இல்லாமல். “மெழுகு ஓட்டினா நாலு வராது. நேத்து அவர் ஓட்டினார். வந்தது.”

பொன்னையா கைதட்டாத குறை. “சயின்ஸே நிரூபிச்சிடுச்சு!”

தனபாலன் என் பக்கம் திரும்பினான். தமிழில், அவசரமாக: “டேய், நீதானே பின்னாலயே உள்ள போனே. சக்கரத்துல மெழுகு ஒழுகியிருந்துச்சா இல்லையா? சொல்லுடா.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “படிச்சவர், சொல்லட்டுமே,” என்றார் பொன்னையா.

நான் ஒன்றும் சொல்லவில்லை. மெழுகு என்று சொன்னால், அது ஏன் நான்காம் சக்கரத்தை மட்டும் மாற்றியது என்ற கேள்வி வரும். அரத்தைச் சொல்ல வேண்டியிருக்கும். அதைச் சொல்ல வேண்டியவன் நான் அல்ல என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அந்த அம்மாளின் சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை என்று பிற்காலத்தில் இன்னும் அழகாக நினைத்துக்கொண்டேன். இரண்டும் பொய். மலிவான வாடகைக்கு அமைதியான அறை அது. எனக்கு அது வேண்டியிருந்தது.

“ஊமைப் பய,” என்றான் தனபாலன். அவன் என்னிடம் கடைசியாகத் தமிழில் சொன்னது அதுதான் என்று நினைக்கிறேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்குத் தேவதாஸ் காரில் வந்தார். வெள்ளைக் கோட்டு, கையில் தொப்பி. பெட்டிக்கு மாலை போட்டிருந்தது. அதற்கு முன்னால் நாற்காலி போட்டுத் தெய்வானையம்மாள் உட்கார்ந்திருந்தார். தேவதாஸ் தோளுக்கு மேலாக எட்டி எட்டி ஆடிப் பார்த்தார். வாத்து சுட்டார். இடுக்கியால் ஒரு மிட்டாய் எடுத்து, காகிதத்தைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டார்.

“ஃபர்ஸ்ட் கிளாஸ் மிஸ்டர் தனபாலன். உங்க கை தங்கம். இன்னைக்கே ஏத்திடலாமா?”

“போகாது,” என்றார் அந்த அம்மாள்.

பொன்னையா விளக்கினார். மிக விரிவாக விளக்கினார். தேவதாஸ் மிட்டாயை மெல்வதை நிறுத்தினார். செத்தவர்கள் ஆடும் பெட்டியை அவருடைய வாடிக்கையாளர் யாரும் வரவேற்பறையில் வைக்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டிருப்பார். “குடும்ப விஷயம். நான் தலையிடலை,” என்று தொப்பியை எடுத்துக்கொண்டார். “வேற ஒண்ணு செஞ்சா எழுதுங்க.”

வேறொன்று செய்ய இரும்பு கிடையாது, பார்க்கில் மிச்சத்தை உருக்கப் போட்டுவிட்டார்கள். இது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். தேவதாஸ் காரில் ஏறினார், டிரைவர் வண்டியைக் கிளப்பினான்.

தனபாலன் வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவில் நின்றான். கார்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“நாலாம் நம்பர் ஜெயிக்காது மாக்,” என்றான். மலாயில், ஒவ்வொரு சொல்லாக. “ஜெயிக்கவே ஜெயிக்காது. நான்தான் பல்லை ராவினேன். பார்க்குல சொன்னாங்க, செஞ்சேன். அது வராதுன்னு எனக்குத் தெரியும். மெழுகு ஒழுகி அடைச்சதால அன்னைக்கு வந்தது. அவர் வரலை.”



“எப்போ ராவினே?” என்றார் தெய்வானையம்மாள்.

“நாப்பத்தாறு.”

அவர் கணக்குப் பார்க்க நேரமெடுத்துக்கொண்டார். “அப்போ அவர் முதல்முறை வந்தப்பவே.”

“ஆமா.”

“பத்து வருஷம் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டிருந்தே.”

“வேலை மாக் அது.”

காமாட்சி சமையற்கட்டுக் கதவருகில் நின்றாள். “நானும் பக்கத்துலதானே நின்னேன்,” என்றாள். “அடுத்த வாரம் கண்டிப்பா வரும்னு எங்கிட்ட சொல்லுவியே. அப்பாகிட்ட சொல்லுன்னு சொல்லுவியே. எனக்குப் பதினாலு வயசு. நான் அவர்கிட்ட போய்ச் சொல்லுவேன்.”



தெய்வானையம்மாள் எழுந்தார். பெட்டியிலிருந்து மாலையைக் கழற்றித் தன் கையில் சுற்றிக்கொண்டார். நாற்காலியை நகர்த்தி வழிவிட்டார்.

“எடுத்துட்டுப் போ. ஜெயிக்க முடியாத குதிரைன்னு நீயே சொல்லிட்டே. அதுலதான் அவர் ஜெயிச்சார். அது எனக்குப் போதும். மரமும் இரும்பும் உன்னுது.”

“மாக், நான் சொன்னது...”

“நீ சொன்னது காதுல விழுந்தது. வண்டி நிக்குது பார். எடுத்துட்டுப் போ, நீயும் போ.”

அவன் உண்மையைச் சொன்னான், அந்த அம்மாளின் நம்பிக்கை இன்னும் கெட்டிப்பட்டது. மெழுகு என்ற ஒரு சொல்லை நான் சேர்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் சில சமயம் யோசிக்கிறேன். பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. சொல்லாதவர்கள் எல்லோரும் தங்களுக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானம் இது.

காரைத் தெருமுனையில் நிறுத்திவிட்டுத் தேவதாஸ் திரும்பி வந்தார். தனபாலன் சொன்னது அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும், எதையும் கேட்கவில்லை. மத்தியானம் ஒரு லாரி வந்தது. பெட்டியைத் தூக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. நான்காவது ஆள் நான். தனபாலன் பெட்டியோடு லாரியின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்தான். “காமாட்சி, சாமான் எடுத்துட்டு வா,” என்று இரண்டு முறை கூப்பிட்டான். அவள் வந்தாள். அவனுடைய துணிப்பெட்டியை மட்டும் லாரியில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

தேவதாஸ் அந்தப் பெட்டியைப் பார்த்து ஐம்பதுக்குப் பதில் எட்டுச் செய்யவைத்தார். ஒன்றை ஒரு கிளப்பு வாங்கியது, இரண்டைப் பணக்கார வீடுகள் வாங்கின. மற்றவை கிடங்கில் கறையான் பிடித்தன. அவர் பின்னால் தையல் மெஷின் வியாபாரத்துக்கு மாறி நன்றாகவே வாழ்ந்தார். தனபாலன் சிங்கப்பூரில் ஒரு துணிக்கடைக் கட்டடத்தில் மின்தூக்கி பழுது பார்ப்பவனாக வேலை செய்து, 1978இல் இறந்தான். நடுவில் ஒரே ஒரு தடவை காஜா பெராங்குக்கு வந்தான். காமாட்சி தாழ்வாரத்தில் காப்பி கொடுத்து அனுப்பினாள். அவள் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பலகாரம் செய்து விற்றாள், இன்னும் அதே வீட்டில் இருக்கிறாள். தெய்வானையம்மாள் 1969இல் தூக்கத்தில் போனார். பொன்னையா சுதந்திரத்துக்குப் பிறகு இரண்டு முறை பதவி உயர்வு பெற்று ஓய்வடைந்தார். பார்க்கு நின்ற இடத்தில் இப்போது கடைகள் இருக்கின்றன. நான் அந்த வருஷக் கடைசியில் அறையைக் காலி செய்தேன். அச்சகம் மூடும்வரை பிழை திருத்தினேன். செமாபோக்கில் தனியாக இருக்கிறேன்.